கட்டில் வேண்டாமுங்க

கேள்வி: தறிப்பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, கடம்பூர் மலையில் உள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளி விடுதிக்காக 60,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். இரும்புக் கட்டில் வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகர், சென்னிமலை

பதில்: மலையில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் 11 வருஷம் வார்டனாக இருந்தவள் நான். கட்டில் வேண்டாமுங்க. எங்களுக்கும் ஒரு கம்பெனிக்காரர்கள் 30 கட்டில் தந்தார்கள். போட்டோ எடுத்தோம், டீ கொடுத்து அனுப்பினோம். பிள்ளைகளோ 52 பேர். கட்டிலைப் போட்டதும் தரையில் படுக்கவும் இடமில்லை. கடைசியில் அவை மழைக்குத் துணி காயப்போட ஆயின. அதுவும் உதவிதான், குறை சொல்லவில்லை.

கக்கூஸ் விடுதிக்குப் பின்னால் நாற்பது தப்படி தள்ளி இருந்தது. வழியில் விளக்கு இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் நிற்காது. யானை நடமாடும் காடு வேறு. ராத்திரி எழுந்து போகப் பயந்து, பிள்ளைகள் பொழுது சாயும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். வாரத்துக்கு ஒன்றாவது நீர்க்கடுப்பு என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். நான்கு சோலார் விளக்கும் நல்ல தாழ்ப்பாளும் போட்ட பிறகுதான் அது குறைந்தது.

அப்புறம் தண்ணீர் மோட்டார். வோல்டேஜ் இறங்கி மோட்டாரின் கம்பிச்சுருள் புகைந்தால், சத்தியமங்கலத்திலிருந்து ஆள் வந்து சேர நாலு நாள் ஆகும். அதுவரை குடத்தோடு அலைய வேண்டியதுதான். ஒரு மெக்கானிக்கை மாதம் ஒருமுறை வரச் சொல்லி, ஒரு வருஷக் கூலியை ஒதுக்கி வையுங்கள். இதற்குத் திறப்பு விழா கிடையாது என்பதால் யாரும் செய்வதில்லை.

போர்வை உங்கள் ஊர்ச் சரக்கு, கேட்கவே வேண்டாம். ஒரு பிள்ளைக்குக் கனமாக ஒன்று தருவதைவிட மெல்லிசாக இரண்டு தாருங்கள். எங்களுக்குக் கனமான பவானி ஜமக்காளம் நன்கொடையாக வந்தது. ஐப்பசி மழையில் துவைத்தால் ஒரு வாரம் காயாது.

பணத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், தலைவரும் ஒரு தாய்தான். அவர்களைத் தீர்மானம் போடச் சொல்லி, பொருளாகவே வாங்கிக் கொடுங்கள். கட்டட வேலை என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பி.டி.ஓ. ஆபீஸில், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலகத்தில், விசாரியுங்கள்.

எதற்கும் முன்னால் அனுமதி வாங்கி ஒரு சாயங்காலம் நேரில் போய்ப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூடவே கூட்டிப் போங்கள், தம்பி. தாழ்ப்பாள் சமாச்சாரமெல்லாம் பிள்ளைகள் உங்களிடம் வாய் திறந்து சொல்லாது.