மாமன்றத்தின் கை எதுவரை நீளும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருவை ஒட்டிய ஒரு மனையைக் குடியிருப்பு உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்துக்கு மாற்றப்போவதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வந்துள்ளது. வார்டு கவுன்சிலரிடம் முறையிட்டால், "அது என் கையில் இல்லை" என்கிறார். நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் இப்படிச் சொல்லலாமா?
– வாசகி ஒருவர், கொளத்தூர்

பதில்: அவர் கைகழுவுவதாக நினைக்க வேண்டாம், சட்டப்படி அவர் சொன்னது சரிதான். சென்னையில் எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது தொழிற்சாலைக்கு என்று வகுப்பது மாநகராட்சி அன்று, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணையும் ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி என ஏதாவது ஒரு வகையில் சேர்த்திருக்கிறது. அந்த வகையை மாற்றக் கோரும் மனு 1971ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் சிஎம்டிஏவுக்குப் போகிறது. அங்கே பரிசீலிக்கப்பட்டு, ஏற்கப்பட்டால் அரசிதழில் வெளியாகிறது. ரிப்பன் மாளிகையில் கூடும் 200 மாமன்ற உறுப்பினர்களுக்கும் இதில் வாக்கு இல்லை.

இப்படித்தான் இருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தத்தோடு சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உரியவையாக 18 பொருள்களைப் பட்டியலிடுகிறது. அதில் முதலாவது நகரமைப்பு; இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. ஆனால் இந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் "வழங்கலாம்" என்றுதான் 243W பிரிவு சொல்கிறது. வழங்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நிலத்தைப் பற்றிய முடிவு மாநில அரசின் அமைப்பிடமே தங்கிவிட்டது. தெருவில் தினமும் நடமாடும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை உங்களிடம் வாக்குக் கேட்டு வரும் ஒருவருக்கு அந்தத் தெருவின் உருவத்தையே மாற்றும் முடிவில் பங்கில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

உங்களுக்கு இப்போது வேண்டியது வழி. அந்த அறிவிப்பை வெட்டி வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பளவு, இப்போதைய உபயோகம், கோரப்படும் உபயோகம், ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அந்தச் சர்வே எண் இல்லாவிட்டால் அது கோப்பில் சேராமலே போகலாம். "அமைதி கெடும்" என்று பொதுவாக எழுதுவதைவிட, டேப் பிடித்து அளந்த சாலை அகலத்தையும், மழைக்காலத்தில் நீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே தேங்குகிறது என்பதையும், அருகிலுள்ள பள்ளியின் வாசல் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சாலை அகலத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். தெருவாசிகள் அனைவரும் ஒரே தாளில் கையெழுத்திடுவதோடு நில்லாமல் தனித்தனியாகவும் அனுப்புங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகலைக் கவுன்சிலரிடமும் கொடுங்கள். அவருக்கு வாக்கு இல்லாவிட்டாலும் மாமன்றத்தில் எழுந்து பேச வாய் உண்டு. அவர் பேசுவது அவைக் குறிப்பில் ஏறும்.

இன்னொன்று: உபயோக மாற்றம் கிடைத்துவிட்டால் கட்டட அனுமதியும் கிடைத்துவிட்டதாகப் பொருளன்று. அது தனி மனு, தனிக் கோப்பு. முதல் கட்டத்தில் தோற்றவர்கள் இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் பகுதிப் பூங்காவில் நடைபாதை போடப் பணமில்லை என்கிறார்கள். மாநகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நாங்கள் எதைக் கேட்டுப் பெறலாம்?
– வாசகர் ஒருவர், அம்பத்தூர்

பதில்: சொத்து வரி, தொழில் வரி, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு, மத்திய நிதி ஆணைய மானியம், கடன் ஆகியவையே முக்கிய ஊற்றுகள். கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால் போன்ற பெரும் பணிகள் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் நடப்பவை. அவற்றில் உங்கள் நடைபாதைக்கு இடமில்லை. உங்களுக்குப் பொருந்துவது வார்டு மேம்பாட்டு நிதி. 2025–26 நிதிநிலை அறிக்கையில் அது ஒரு வார்டுக்கு 60 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தெருவிளக்கு, பூங்கா, பள்ளிக்கூடப் பழுது எல்லாம் இந்த ஒரே தொகைக்குப் போட்டியிடுவதால், நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே மனுக் கொடுங்கள். டிசம்பரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் தொகை ஒதுக்கி முடிந்திருக்கும். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும் "நமக்கு நாமே" திட்டமும் இருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கம் வலுவாக உள்ள இடங்களில் அது நல்ல வழி.

பூங்காவின் நிலம் எப்படி வந்தது என்பதையும் விசாரித்துவிடுங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனையில் கட்டுவோர், சாலை நீங்கலாக மீதிப் பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். உங்கள் பூங்கா அப்படி வந்ததானால் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். வேலி நகரும்போது அது கைகொடுக்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் நூறாண்டைக் கடந்த கட்டடம் ஒன்றை இடிக்கப்போவதாகப் பேச்சு. மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க முடியாதா?
– வாசகர் ஒருவர், மயிலாப்பூர்

பதில்: தீர்மானம் நிறைவேற்றலாம், ஆனால் அந்தத் தீர்மானம் கடப்பாரையைத் தடுக்காது. தடுக்கக்கூடிய ஏற்பாடு நீதிமன்றத்தின் வழியாக வந்தது, அதுவும் ஒரு கட்டடத்தை இடிக்கத் தொடங்கிய பிறகு. அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் இடிக்க முற்பட்டபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2010இல் வந்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்ததோடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கச் சிஎம்டிஏவின்கீழ் ஒரு குழு அமைக்கவும் வழிசெய்தது. அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டது நீதிபதி பத்மநாபன் குழுவின் 467 கட்டடங்கள் கொண்ட பட்டியல். விளம்பரப் பலகைகள் எந்தெந்தக் கட்டடங்களை மறைக்கக் கூடாது என்று பார்க்கத் தொகுத்த அந்தப் பட்டியலே பிறகு கட்டடங்களைக் காக்கும் பட்டியலாயிற்று. இடிப்பிலிருந்து தப்பிய அந்தக் கட்டடமோ தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் பாழடைந்தே நின்றது. காப்பாற்றச் சொல்லும் ஆணையைவிடப் பழுதுபார்க்கப் பணம் தரும் ஏற்பாடே நம்மிடம் மிகவும் மெலிந்திருக்கிறது.

மாநிலம் முழுமைக்குமான பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டும் 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இழந்தவற்றை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மாமன்றத்துக்கு இதில் வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தனக்குச் சொந்தமான கட்டடங்களில் அதன் பொறுப்பு நேரடியானது. 1880களில் நகரத்தாரின் நன்கொடையில் எழுந்த விக்டோரியா பொது மண்டபம் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில்தான் மாநகராட்சி அதை முழுமையாகச் சீரமைக்க முன்வந்தது. அதன் அருகிலேயே இருந்த, மாநகராட்சியின் மற்றொரு சொத்தான மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகி, அந்த இடத்தில் இன்று இரயில்வே கட்டடம் நிற்கிறது. 1973 முதல் 1996 வரை சென்னையில் மாமன்றமே இல்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். ஆகவே அந்தச் சந்தையைப் பற்றி அவையில் எழுந்து கேள்வி கேட்கக்கூட ஓர் உறுப்பினர் இருக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: அந்தக் கட்டடம் பட்டியலில் உள்ளதா என்று சிஎம்டிஏவில் விசாரியுங்கள். இருந்தால், பாரம்பரியக் குழுவின் ஒப்புதலின்றி இடிக்க அனுமதி தரக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் சேர்க்கக் கோரும் மனுவுடன் படங்களை இணையுங்கள். முகப்பை மட்டும் எடுத்தால் போதாது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை உள்ளே இருந்தால் அதை அண்ணாந்து பார்த்தபடி படமெடுங்கள். கட்டடத்தின் காலத்துக்கு அது வலுவான சான்று. உரிமையாளரையும் பகைத்துக்கொள்ளாதீர்கள். பழைய கட்டடத்தைப் பேணும் செலவு அவர் தலையில்தான் விழுகிறது.

கேள்வி: பகுதி சபைக் கூட்டத்துக்குப் போவதால் பயன் உண்டா?
– வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: உண்டு. வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்லும் கூட்டம் அது. 2022 நவம்பர் 1 அன்று முதல்வர் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் நடந்தது உங்கள் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில்தான். கூட்டத்தில் பேசியதை எழுத்திலும் கொடுத்து, அது கூட்டக் குறிப்பில் சேர்ந்ததா என்று அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாகக் கேளுங்கள்.