டெமோவில் எல்லாச் சாப்ட்வேரும் ஓடும்

பனியன் கம்பெனிகளில் 26 வருஷம் கணக்கு எழுதியவன் நான். இப்போது சிறு, நடுத்தரக் கம்பெனிகள் சாப்ட்வேர் வாங்கும்போது கூடப் போய் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். இந்த இதழுக்கு வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கேள்வி: உள்நாட்டு விற்பனைக்கு டி-ஷர்ட், டிராக் பேன்ட் தைக்கிறோம். 45 மெஷின்; வெளியே பீஸ் ரேட்டுக்கும் கொடுக்கிறோம். போன வருஷ விற்பனை 14 கோடி. கணக்கு டேலியில் ஓடுகிறது. துணி, டையிங், கட்டிங் எல்லாம் நோட்டிலும் எக்ஸெலிலும். மூன்று பேர் வந்து ஈஆர்பி (ஸ்டோர் முதல் பில் வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற சாப்ட்வேர்) டெமோ காட்டினார்கள். ஒருவர் 2,80,000 ரூபாய் கேட்கிறார், இரண்டாம் வருஷத்திலிருந்து 18 சதவீதம் ஏஎம்சி (வருஷப் பராமரிப்புக் கட்டணம்). இன்னொருவர் ஒரு யூசருக்கு மாதம் 900 ரூபாய் வாடகை, உங்களுக்கு 12 யூசர் வேண்டும் என்கிறார். மூன்றாமவர் ‘எல்லாம் சேர்த்து 6 லட்சம்’ என்று முடித்துவிட்டார். மூன்றுமே நன்றாகத்தான் தெரிகிறது. எதை வாங்குவது?
வாசகர், திருப்பூர்

மூன்றும் நன்றாகத் தெரிந்தால் நீங்கள் இன்னும் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். டெமோவில் வருகிற துணிக்கு ஷேடு மாறாது. நூறு கிலோ போனால் நூறு கிலோ திரும்பி வரும்.

2011-இல் நான் வேலை பார்த்த கம்பெனிக்குச் சாப்ட்வேர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெருமை எனக்கு உண்டு. ஓட்டல் ஹாலில் புரொஜெக்டர் போட்டுக் காட்டினார்கள். காபியும் போண்டாவும் வந்தன, கலர் கலராக கிராஃபும் வந்தது. 4,20,000 ரூபாய். ஓப்பனிங் ஸ்டாக் ஏற்றவே மூன்று மாதம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் தெரிந்தது, துணியைக் கிலோவில் வாங்கினால் அந்தச் சாப்ட்வேர் அதைக் கிலோவில்தான் விற்கும். கட்டிங் டேபிளில் கிலோ பீஸாக மாறுகிற விஷயம் அதற்குத் தெரியவே தெரியாது. எட்டாவது மாதம் பழைய நீள நோட்டுக்கே திரும்பினோம். முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். யார் காட்ட வந்தாலும், அவர் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் நான் ஒரு ஃபைலை எடுத்து மேசையில் வைப்பேன். முடிந்துபோன ஆர்டர்களிலேயே படுசிக்கலான ஆர்டரின் ஃபைல். உங்களிடமும் ஒன்று இருக்கும். பேரைச் சொன்னாலே கட்டிங் மாஸ்டர் முகம் சுளிக்கிற ஆர்டர். அதன் டிசி (சரக்கோடு போகிற டெலிவரி சலான்), எடைச் சீட்டு, ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்கிற வேலை) பில் எல்லாவற்றையும் கொடுத்து, ‘என் கண் முன்னால் இதை ஏற்றிக் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். அரை நாள் ஆகும். ஆகட்டும்.

என் ஃபைலில் இருக்கிற ஒரு கணக்கைச் சொல்கிறேன். நேவி புளூ கலருக்கு 412 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) டையிங்குக்குப் போனது. இரண்டு நடையாக 180.2, 193.4 என்று மொத்தம் 373.6 கிலோ வந்தது. ஒரு சாப்ட்வேர் அதைக் கழித்துப் பார்த்து, 38.4 கிலோ லாஸ், 9.3 சதவீதம் என்று சிவப்பில் காட்டியது. டையிங்காரரிடம் சண்டைக்குப் போக இது போதும். ஆனால் சாயமே போடாத இரண்டு ரோல், 20 கிலோ, அவர் பட்டறையிலேயே கிடந்தது. சாயத்துக்குள் போனது 392 கிலோதான். நிஜ லாஸ் 18.4 கிலோ, 4.7 சதவீதம். அதற்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். வந்த துணியிலும் 31 கிலோ ஷேடு சேரவில்லை என்று ரீபிராசஸுக்குத் திருப்பி அனுப்பியிருந்தோம். அந்த 31 கிலோ மறுபடி உள்ளே வரும்போது அது புதுத் துணியா, பழைய துணியா? ஒரு தடவை கணக்கில் வந்ததை இன்னொரு தடவையும் கூட்டிவிட்டால் ஸ்டாக்கில் இல்லாத துணி இருப்பதாகக் காட்டும். கட்டிங் பிளானும் அதை நம்பிப் போடப்படும்.

இதை உட்கார்ந்த இடத்திலேயே செய்து காட்டுகிறவரோடு மேற்கொண்டு பேசலாம். ‘கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் சார்’ என்று சொன்னால், எத்தனை நாள், எவ்வளவு ரூபாய் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

இனி பணம். ஐந்து வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். முதலாமவருக்கு 2,80,000-உம், வருஷம் 50,400 வீதம் நாலு வருஷ ஏஎம்சியும் சேர்த்து 4,81,600. இரண்டாமவருக்கு 12 யூசர், 60 மாதம், 6,48,000. பார்த்தால் முதலாவது மலிவு. ஆனால் உங்களுக்கு 12 யூசர் எதற்கு? ஸ்டோர், டையிங் ஃபாலோ-அப், கட்டிங், தையல் கான்ட்ராக்ட், பேக்கிங், பில்லிங், நீங்கள். ஏழு பேர். ஏழு யூசருக்கு 3,78,000-தான் வருகிறது. இப்போது வாடகை மலிவாகிவிட்டது. யூசர் எண்ணிக்கையை விற்கிறவர் சொல்லக் கூடாது, நீங்கள் சொல்ல வேண்டும். அதற்காக ஒரே லாகினை நாலு பேருக்குக் கொடுத்து மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். ரோல் காணாமல் போகிற அன்றைக்கு யார் என்ட்ரி போட்டது என்று தெரியாது. மூன்றாமவர் சொன்ன ‘எல்லாம் சேர்த்து’ என்பதில் ஏஎம்சி, பழைய டேட்டா ஏற்றுவது, ஆட்களுக்குப் பழக்கிவிடுவது இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்குச் சந்தேகம்தான்.

உங்கள் விற்பனை 14 கோடி என்பதால் சில விஷயங்கள் கட்டாயம் ஆகின்றன. இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவது, உங்களுக்கு உண்டு. அதுவும் 10 கோடிக்கு மேல் போனதால், 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்ட்டலில் ஏற்றிவிட வேண்டும். தாண்டினால் போர்ட்டல் வாங்காது. ஜாப் ஒர்க்குக்குப் போன துணி ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாக எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி கேட்பார்கள். 5 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்கள் ஜாப் ஒர்க்குக்குப் போனது, வந்தது காட்டுகிற ஐடிசி-04 படிவத்தை அரையாண்டுக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். ஆக, டிசி வாரியாக யாரிடம் எவ்வளவு நிலுவை, அனுப்பி எத்தனை நாள் ஆயிற்று என்ற பட்டியல் ஒரே பட்டனில் வர வேண்டும். இன்னொன்று, உங்கள் தையல்காரரோ டையிங்காரரோ உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்த குறு, சிறு நிறுவனமாக இருந்தால் ஒப்பந்தப்படி, அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். நாள் தவறினால் கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். நாள் தாண்டப் போகிற பில்களை முன்கூட்டியே காட்டுமா என்று கேளுங்கள். இதைக் கேட்டால் மூவரில் ஒருவராவது முழிப்பார்.

டேலியைத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் ஆடிட்டரும் கணக்கரும் அதில் பழகியவர்கள். வாங்குகிற ஈஆர்பியிலிருந்து வவுச்சர் நேராக டேலிக்குப் போகிறதா, இல்லை யாராவது எக்ஸெலில் எடுத்து ஏற்ற வேண்டுமா என்று மட்டும் பாருங்கள். அதற்கு முன்னால் லெட்ஜரைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே டையிங் மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று லெட்ஜராக இருக்கிற கம்பெனிகள் எனக்குத் தெரியும், அதில் ஒன்று நான் எழுதிய கணக்கு.

கடைசியாக ஒன்று. இதே சாப்ட்வேரை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய கம்பெனி எது என்று கேட்டு அங்கே போங்கள். முதலாளியிடம் பேச வேண்டாம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டீ நேரத்தில் ஸ்டோர்காரரிடம் பேசுங்கள்.

கேள்வி: என் கணவர் பெயரில் தனி உரிமையாளராக ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். விற்பனை 3 கோடி. ‘எடிட் லாக் இல்லாத சாப்ட்வேர் வைத்திருப்பது சட்டப்படி தப்பு, அபராதம் வரும், எங்களுடையதை வாங்குங்கள்’ என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
வாசகி, ஈரோடு

கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்களுக்கு உண்மை. பிரைவேட் லிமிடெட் மாதிரி கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடயம் அழியாத சாப்ட்வேரில்தான் கணக்கு வைக்க வேண்டும். தனி உரிமையாளருக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் அந்த விதி இல்லை. வேண்டுமென்றால் டேலிபிரைமிலேயே எடிட் லாக் பதிப்பு இருக்கிறது, புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை.

இ-இன்வாய்ஸும் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை, வரம்பு 5 கோடி. ஆனால் 2017-18-இலிருந்து ஏதாவது ஒரு வருஷம் 5 கோடியைத் தாண்டியிருந்தால் இன்று 3 கோடியாக இருந்தாலும் உண்டு. பழைய ரிட்டர்னை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பம்ப் பாகங்களுக்கு சிஎன்சி ஜாப் ஒர்க் செய்கிறேன், 18 பேர். அக்கா மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ‘மாமா, ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ ரெண்டுமே ஃப்ரீ, நானே போட்டுத் தர்றேன்’ என்கிறான். நம்பலாமா?
வாசகர், கோவை

மருமகனை நம்பலாம். ‘ஃப்ரீ’ என்ற சொல்லைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பை ஃப்ராப்பே கம்பெனியுடையது. திறந்த மூல சாப்ட்வேர், லைசென்ஸ் காசு கிடையாது. நம் ஜிஎஸ்டிக்கு அதோடு தனியாக ஒரு செயலியைச் சேர்த்து நிறுவ வேண்டும். ஓடூ பெல்ஜியத்துக்காரர்களுடையது. அதில் கம்யூனிட்டி பதிப்பு இலவசம். முழுக் கணக்கு வேண்டுமென்றால் காசு கட்டும் பதிப்புக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டுமே நல்ல சாப்ட்வேர்கள்தான், வேலை தெரிந்தவர் கையில். சர்வர் வாடகை, பேக்கப், வெர்ஷன் மாற்றும்போது எதுவும் உடையாமல் பார்ப்பது, ராத்திரி 9 மணிக்கு பில் போகவில்லை என்றால் வந்து நிற்பது, இதெல்லாம் உங்கள் தலையில், அதாவது மருமகன் தலையில்.

ஒரு சோதனை வையுங்கள். ஒரு மாதம் ஓட்டியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, ‘நேற்று ராத்திரி பேக்கப்பை வைத்து இதில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டு வா’ என்று சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் கொண்டு வந்துவிட்டால் தைரியமாக விடுங்கள். எப்படிச் செய்தான் என்பதை ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வைக்கவும் சொல்லுங்கள். நாளைக்கு அவனுக்கு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கும். கிடைக்கட்டும், அக்கா சந்தோஷப்படுவார். நீங்கள்தான் பாஸ்வேர்டு தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

கேள்வி: பெட்ஷீட், திரைச்சீலை ஏற்றுமதி. இரண்டு வருஷத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து ஈஆர்பி வாங்கினோம். ஆட்கள் யாரும் அதில் என்ட்ரி போடுவதில்லை. கண்டிப்பாக இருந்தும் பயனில்லை. சாப்ட்வேரை மாற்றலாமா?
வாசகர், கரூர்

மாற்றுவதற்கு முன் ஒரு நாள் ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். நான் ஒரு கம்பெனியில் அப்படி உட்கார்ந்தேன். வேன் வந்து நிற்கிறது. ஸ்டோர் அண்ணன் கிழிந்த அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்து, ஒவ்வொரு கட்டாக எடை வைத்துப் பேனாவில் எழுதுகிறார். கம்ப்யூட்டர் மாடியில் ஏசி அறையில். சாயங்காலம் அட்டையோடு மேலே போனால் அங்கே பில் போடுகிற பெண் சிஸ்டத்தில் இருக்கிறாள். நாளைக்கு வருகிறேன் என்று இறங்கிவிடுகிறார். மறுநாள் அந்த அட்டையில் யாரோ பஜ்ஜி வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

‘ஏனுங்கண்ணா, அப்பவே போட்டுர்றதுக்கு என்ன?’ என்று கேட்டேன். ‘அதுல இருபத்திரண்டு கட்டம் இருக்குதுங்க. எனக்குத் தெரிஞ்சது நாலுதானுங்க’ என்றார்.

அந்த நாலு கட்டத்தை மட்டும் தமிழில் ஒரு மொபைல் திரையாகச் செய்து தரச் சொல்லி, போனை எடைமேடைக்குப் பக்கத்தில் மாட்டினோம். பார்ட்டி, டிசி நம்பர், கட்டு, கிலோ. மீதி 18-ஐ மாடியில் நிரப்பிக்கொள்ளட்டும். உங்கள் சாப்ட்வேர்காரர் இதைச் செய்ய முடியாது என்று சொன்னால் அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மாற்றினால், பழைய டேட்டா முழுவதையும் எக்ஸெலில் கையில் வாங்கிய பிறகுதான் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்கை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டியது நீங்கள், அவர் இல்லை.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறேன். ஏஐ உள்ள சாப்ட்வேர் என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். நாம் கேட்டால் அதுவே பதில் சொல்லுமாம். கொடுக்கலாமா?
வாசகர், சிவகாசி

காசு கொடுப்பதற்கு முன், உங்கள் ஸ்டாக்கை ஏற்றிக்கொண்டு, மேப்லித்தோ காகிதம் எத்தனை ரீம் இருக்கிறது என்று அதனிடம் கேளுங்கள். பதில் வந்ததும் கோடவுனுக்கு ஒரு பையனை அனுப்பி எண்ணிவிட்டு வரச் சொல்லுங்கள்.