முப்பது வயதைக் கடந்த பின் கார்ட்டூன் உருவங்கள் செய்வது சிறுபிள்ளைத்தனமா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எப்படித் தொடங்குவது?

சிறுவயதில் பார்த்த மாயாஜாலக் கார்ட்டூன் பாத்திரங்களை விரலளவு உருவங்களாகச் செய்து வர்ணம் தீட்ட ஆசை, ஆனால் இந்த வயதில் வீட்டார் சிரிப்பார்கள், பொருட்களும் இங்கே கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். பொருட்களைப் பற்றிய கவலைக்கு விடை எளிது. சிரிப்பைப் பற்றிய கவலைக்கு நான் செய்த ஒரு புலியின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1994 இல் எனக்குப் பத்து வயது. குடாநாட்டில் மின்சாரம் நின்று நாலு வருடமாகியிருந்தது. பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்ததால் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். லண்டனில் இருந்த மாமா எப்போதோ கொடுத்துவிட்ட வீடியோ கசற் ஒன்றை, நாலைந்து வீட்டார் மண்ணெண்ணெய் சேர்த்து ஜெனறேற்றர் போட்ட ஓர் இரவில் பார்த்தோம். அதில்தான் ஹீ-மேன் வந்தான், வாளை உயர்த்தியதும் மாவீரனாக மாறும் ஒரு கார்ட்டூன் இளவரசன். பேசிய ஆங்கிலம் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் நிழலைக் கண்டாலே நடுங்கும் ஒரு பச்சைப் புலி, இளவரசனின் வாளிலிருந்து பாய்ந்த ஒளி பட்டதும் சிவப்புக் கவசம் பூண்டு கர்ச்சித்ததைப் பார்த்த பிறகு, என் கணிதக் கொப்பியின் பின்பக்கங்கள் எல்லாம் அந்தப் புலியாலேயே நிறைந்தன. பச்சை நிறப் பென்சில் இரண்டு அங்குலமாகத் தேய்ந்துபோனது.

1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தக் கொப்பியும் என்னோடு சாவகச்சேரிக்கு வந்தது. அடுத்த ஆண்டு வீடு திரும்பப் புறப்பட்ட நாளின் காலையில், வழியிலுள்ள சோதனைச்சாவடிகளை நினைத்து அம்மா என் பையைத் திறந்து பார்த்தார். புலிப் படத்தோடு ஒரு பெடியன் அங்கே போய் நின்று, ஐயா, இது கார்ட்டூன் புலி என்று எந்த மொழியில் விளக்குவான்? முழுத்தாளையும் உருவினால் தையலின் மறுபக்கத்துத் தாளும் கழன்றுவிடும் என்பதால், ஒரு விரல் அகலத்துக்கு விளிம்பை விட்டு ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பில் வைத்தார். ஒரு விளிம்பில் வாலின் நுனி மாத்திரம் மிஞ்சியிருந்தது. அதையும் கண்டு, அழிறப்பரால் தேய்த்து அழித்தார்.

கார்ட்டூனைப் பற்றிக் கேட்டவருக்கு யுத்தக் கதை சொல்கிறான் என்று யாராவது கீழே எழுதக்கூடும். எழுதட்டும். சிறுவயதில் எதைப் பார்த்தோம் என்பதோடு, பார்த்தது எப்படிக் கையைவிட்டுப் போனது என்பதும் சேர்ந்துதான் இந்த ஆசையை உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று யாரும் என்னிடம் சொல்லி நான் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.

அந்தப் புலியை முப்பத்தாறு வயதில் செய்தேன். அதற்கு முன் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது தெரிந்த ஒரு விடயம் உங்களுக்கும் உதவும். 1982 இல் மற்றெல் நிறுவனம் ஹீ-மேன் பொம்மைகளை வெளியிட்டபோது, அந்தப் புலிக்கெனப் புதிய அச்சு எதுவும் வார்க்கவில்லை. தாங்கள் முன்னர் விற்ற பிக் ஜிம் என்ற பெரிய பொம்மை வரிசைக்குரிய புலியின் அச்சையே எடுத்தார்கள். புதிய வீரர்களின் அருகே அது மிகப் பெரிதாக இருந்ததால், முதுகில் சேணம் வைத்து வாகனமாக்கிப் பச்சை நிறமும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே நல்லூர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் பிளாஸ்ரிக் மிருகங்களில் ஒன்றை வாங்கி, அதன்மேல் கவசம் வைத்துத் தொடங்க நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. மனித உருவம் 28 மில்லிமீற்றர் உயரமென்றால், 50 மில்லிமீற்றர் நீளமுள்ள மிருகம் அதற்குப் பொருந்தும். சோடாப் போத்தல் மூடி நல்ல பீடம்.

நானோ முழுவதையும் கையால் செய்தேன். மின்வயரை உரித்தெடுத்த செப்புக்கம்பி இரண்டை முறுக்கி எலும்பாக்கி, ஹாட்வெயார் கடையில் குழாய் அடைப்பதற்கு விற்கும் இருபகுதிப் புட்டியை, அதாவது இரண்டையும் கலந்தால் இறுகிவிடும் களியை, சமஅளவில் பிசைந்து உடலைக் கட்டினேன். முதல் நாள் பருமனை மட்டும் கட்டி இறுகவிட வேண்டும். தசை, நகம், கவசம் எல்லாம் மறுநாளைக்குரியவை. ஒரே அமர்வில் முடிக்க முயன்ற என் முதல் புலிக்கு, முகத்தைச் செதுக்கும்போது பிடித்த விரல்களால் இடுப்பு நசுங்கிப்போயிற்று. சித்திரை வெயிலில் புட்டி அரைமணிக்குள் இறுகத் தொடங்குவதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்கள். ஈர்க்கின் நுனியைச் சீவித் தண்ணீரில் தொட்டுக் கீறினால் ஒட்டாது. கையுறை அணியுங்கள், அந்தப் புட்டி தோலுக்கு ஆகாது.

வர்ணத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இணையக் காணொளிகள் புதியவர்களைக் கெடுப்பது இங்கேதான். காற்றுத் தூரிகை வேண்டும், ஐம்பது குப்பி வர்ணம் வேண்டும், பத்து அடுக்காக நிழலேற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே, நாலு பேர் தொடங்கியிருக்கக்கூடிய கலையை ஒருவரும் தொடாதபடி செய்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. கார்ட்டூன் எப்படி உருவாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். பில்மேசன் நிறுவனம் 1983 இலிருந்து ஹீ-மேன் கார்ட்டூனின் 130 அத்தியாயங்களை, ஒரே ஓட்டத்தையும் ஒரே பாய்ச்சலையும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தித் தயாரித்தது. ஒளிபுகும் தாளின் முன்புறத்தில் கோடு இருக்கும், பின்புறத்தில் நிறத்தைத் தட்டையாக நிரப்புவார்கள். நம் நினைவில் நிற்கும் அந்தப் பச்சை, நிழல்கள் குழைந்த பச்சை அன்று. ஆகவே ஒரு நிறம், அதற்கு ஒரு நிழல், பள்ளங்களில் ஒரு கோடு, இவ்வளவே போதும். கோட்டைச் சுத்தக் கறுப்பாக இடாமல், பச்சைக்குக் கரும்பச்சையும் சிவப்புக்குக் கருஞ்சிவப்புமாக இட்டால் உருவம் உயிர்கொள்ளும்.

மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் சாம்பல் நிறப் பிறைமர் ஸ்பிறே அடிப்பூச்சுக்கு உதவும். புத்தகக் கடையில் மாணவர்களுக்கு விற்கும் அக்ரிலிக் வர்ணத்தைத் தண்ணீரில் பால்போலக் கரைத்து மூன்று முறை பூசுங்கள். ஒரே தடிப்பாகப் பூசினால் நீங்கள் கீறிய உரோமமெல்லாம் அடைபட்டுவிடும். சோளகக் காற்றில் வர்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுவதால், சாப்பாட்டுப் பெட்டியொன்றில் ஈரப் பஞ்சு வைத்து, அதன்மேல் கேக் செய்யும்போது தட்டுக்கு விரிக்கும் கடதாசியைப் போட்டு வர்ணம் கலக்குகிறேன். தூரிகை நல்ல முனையுள்ள ஒன்றாம் இலக்கமாக இருக்கட்டும். மயிரளவுத் தூரிகையில் வர்ணம் கண்ணைத் தொடுமுன்னரே காய்ந்துவிடும்.

கண் குரக்கன் மணியளவுதான் வரும். முதலில் குழி முழுவதையும் கருமையாக்கி, விளிம்பு தப்ப வெள்ளை வைத்து, நடுவில் ஒரு புள்ளி. எங்கள் ஊர்க் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டும் பெரியவர் ஒருவர் கண்ணைக் கடைசியாகத்தான் திறப்பார். நான் முதலிலேயே திறந்துவிடுகிறேன், பிழைத்தால் சுற்றுப்புறத்தைத் திருத்தலாம் என்பதற்காக. அவரிடம் என் புலியைக் காட்டியபோது சிரிக்கவில்லை. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேணத்துக்குக் கீழே நிழல் காணாது, தம்பி" என்றார். தும்பிக்கையும் சிங்க உடலுமாக யாளி செய்பவருக்குப் பச்சைப் புலி விநோதமாகத் தெரியவில்லை. உங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு அந்த யாளியைக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. கிழித்த கொப்பியை அவர் மறந்துவிட்டார், நானும் நினைவூட்டவில்லை. ஆனால் முன்விறாந்தைக் கண்ணாடி அலுமாரியில் புலியை வைத்த அன்று மாலையே, "அதை உள் அறையில வையன், தம்பி" என்றார். வைத்திருக்கிறேன்.

நான் எதையும் விற்பதில்லை. பிறருடைய பாத்திரங்களை எனக்காகச் செய்வதோடு சரி, நீங்களும் அப்படியே இருங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு மிருகத்தைச் செய்து முடித்துவிடுங்கள். ஈரக்காற்றில் வாணிஷ் ஸ்பிறே அடித்தால் வெள்ளையாக மூடுபனிபோலப் படர்ந்துவிடும், என் இரண்டாவது உருவம் அப்படித்தான் கெட்டது. மழைக்காலத்தில் தூரிகையால் பூசும் வாணிஷையே பாவியுங்கள்.