சொத்தை, வீக்கம், கறை: பல் டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: கடைவாய்ப் பல்லில் சொத்தை. போன வாரம் உயிர் போகிற வலி. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன், இப்போது வலியே இல்லை. இனியும் ரூட் கெனால் தேவையா டாக்டர்?

பதில்: வலி நின்றதுதான் எனக்குக் கவலை. பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி அடங்கிவிடும். கிருமி மட்டும் உள்ளேயே இருந்து, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். செத்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது; ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது. உள்ளே இருப்பதைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கெனால். இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். நடுவில் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமல் போனால், நடு ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தொற்று கழுத்துக்குள் பரவினால் மூச்சையே அடைத்துவிடும்.

கேள்வி: ரூட் கெனால் முடிந்தது. பல்லுக்கு மேல் கேப்பும் (பல்லை மூடும் உறை) போட வேண்டும் என்கிறார்கள். காசு பறிக்கத்தானே?

பதில்: இல்லைங்க. கடைவாய்ப் பல்லென்றால் நானும் அதையேதான் சொல்வேன். சொத்தையிலும் சிகிச்சையிலும் பல்லில் பாதி போயிருக்கும். மெல்லும்போது வேர்வரை பிளந்துவிட்டால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். செலவு கையைக் கடித்தால் உலோக கேப் போடுங்கள். உறுதியில் குறைவே இல்லை. சென்னை, புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரியுங்கள்.

கேள்வி: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்கிறார் என் மாமியார்.

பதில்: போகாதும்மா. பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. மாமியாரைத் தைரியமாக அழைத்து வாருங்கள்.

கேள்வி: தர்மபுரி பக்கம் எங்கள் ஊர். பல்லெல்லாம் பழுப்புக் கறை, சிரிக்கவே கூச்சம். ப்ளீச்சிங் செய்தால் போகுமா? நான்கு வயது மகனுக்கும் இப்படி வருமா?

பதில்: முதலில் ஒன்று. இது நீங்கள் ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்ததில்லை. சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரின் ஃப்ளோரைடு, பல் முளைக்கும் முன்பே எனாமலைப் பாதித்திருக்கிறது. அதனால் கிளீனிங் செய்தாலும் போகாது. ப்ளீச்சிங் மட்டும் செய்தால் வெள்ளைத் திட்டுகள் சில நேரம் இன்னும் எடுப்பாகத் தெரியும். கறை மேலோட்டமாக இருந்தால் ஆசிட் பசையால் எனாமலை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கலாம். ஆழமாக இருந்தால் பல் நிறப் பூச்சோ, வெனீரோ (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு). வெனீருக்குப் பல்லைச் சீவ வேண்டியிருக்கும் என்பதால் அதைக் கடைசியாகத்தான் சொல்வேன்.

மகனுக்கு நிலைப் பற்கள் இப்போதுதான் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன. எட்டு வயதுவரை கவனம் தேவை. குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் ஒகேனக்கல் குடிநீரையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீர்தான் என்றால் பரிசோதனைக்குக் கொடுங்கள், ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் அவனுக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.