கசற்றில் தெளிவு, கணினியில் மங்கல்

கேள்வி: 2004 ஆம் ஆண்டு நடந்த எங்கள் அக்காவின் திருமணத்தை, சுவிஸில் இருந்து வந்திருந்த மாமா மினி டீ.வீ. (MiniDV) என்ற சிறிய கசற்றில் பதியும் வீடியோக் கமராவில் எடுத்தார். இடப்பெயர்வு முழுவதும் அம்மா கைவிடாமல் கொண்டு திரிந்த கசற்றுகள் அவை. கமராவை ரீவியில் பூட்டிப் பார்த்தால் படம் தெளிவாக இருக்கிறது, யூ.எஸ்.பி. வயரால் கணினிக்கு மாற்றினால் முகங்களே அடையாளம் தெரியாமல் மங்கிவிடுகின்றன. கசற் பழுதாகிவிட்டதா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இல்லை. ரீவியில் தெளிவாகத் தெரியும் படம் நாடாவிலும் பத்திரமாகவே இருக்கிறது. குறை, நீங்கள் பயன்படுத்திய வழியில்தான். அக்காலத்து மினி டீ.வீ. கமராக்கள் பலவற்றில் யூ.எஸ்.பி. துளை, நிழற்படங்களை இறக்குவதற்கும் இணையத்தில் முகம் பார்த்துப் பேசுவதற்கும் வைக்கப்பட்டதே தவிர, நாடாவில் உள்ளதை முழுமையாக எடுப்பதற்கு அல்ல. அதன் வழியே பெரும்பாலும் 320×240 புள்ளிகள் கொண்ட சுருங்கிய படமே வரும்; நாடாவில் இருப்பதோ 720×576. ஐந்தில் ஒரு பங்கு கூட உங்கள் கணினிக்கு வந்து சேரவில்லை.

உங்கள் கமராவில் 'டீ.வீ.' (DV) என்றோ, சோனி கமராவாயின் 'ஐ.லிங்க்' என்றோ எழுதிய சிறிய நான்கு முனைத் துளை இருக்கும். அதுவே ஃபயர்வயர் (FireWire), நாடாவில் உள்ளதைக் குறையாமல் கணினிக்குக் கொண்டுசெல்லும் இணைப்பு. அந்தத் துளை உள்ள பழைய மடிக்கணினியையோ, ஃபயர்வயர் அட்டை பூட்டிய மேசைக் கணினியையோ, கணினி திருத்துபவர்களிடம் கேட்டுத் தேடுங்கள். ஒரு முனை ஃபயர்வயராகவும் மறுமுனை யூ.எஸ்.பி.யாகவும் உள்ள மலிவு வயரை மட்டும் வாங்க வேண்டாம். இரண்டும் வெவ்வேறு முறையில் பேசுபவை, வெறும் வயர் அவற்றை இணைக்காது.

வின் டீ.வீ. (WinDV) என்ற இலவச மென்பொருள் நாடாவில் உள்ளதை அப்படியே பிரதி எடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்கவென்று எடுக்கும்போதே சுருக்கிவிடாதீர்கள். சுருக்கிய பின் இழந்ததை மீட்க முடியாது. சேமிக்கும் தட்டு ஃபாட் 32 (FAT32) என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் போகாது என்பதால், அதை முதலில் என்.டி.எஃப்.எஸ். (NTFS) முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது தட்டில் உள்ளவை அழிந்துவிடக்கூடும். அவற்றை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருந்த, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கசற்றுக்கும் இதுவே நடந்தது. முதலில் எடுத்த பிரதியில் அம்மம்மாவின் தலையில் இருந்த பாற்செம்பு ஒரு வெள்ளைத் திட்டாகவே தெரிந்தது. ஃபயர்வயரில் எடுத்தபோது, செம்பின் வாயில் செருகியிருந்த வேப்பிலைகளை எண்ண முடிந்தது. அவவின் முகத்தில் வழிந்த வியர்வையும் தெரிந்தது.

அப்படி எடுத்த பின், யாராவது அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகளைக் காண்பீர்கள். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். அந்தக் கமராக்கள் செக்கனுக்கு 50 அரைப்படங்களைப் பதிபவை. பழைய ரீவி அவற்றை இயல்பாகக் காட்டும், கணினித் திரையோ இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். வீ.எல்.சி. (VLC) என்ற வீடியோ பார்க்கும் மென்பொருளில் 'டீஇன்டர்லேஸ்' (Deinterlace) என்பதை இயக்கினால் கோடுகள் மறையும். மூலக்கோப்பில் கை வைக்காமல், உறவினருக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் அந்தத் திருத்தத்தைச் செய்யுங்கள்.

கேள்வி: ஃபயர்வயரிலேயே எடுத்தும், படத்தில் சதுரம் சதுரமாக உடைந்து வருகிறதே?
– வாசகர், மல்லாவி

பதில்: பெரும்பாலும் கமராவின் ஹெட்டில், அதாவது நாடாவைப் படிக்கும் பகுதியில், படிந்த அழுக்கே காரணம். துப்புரவுக் கசற்றை அதில் குறிப்பிட்டுள்ள சில செக்கன்கள் மட்டும் ஓட்டுங்கள். கூடினால் ஹெட் தேயும். அதன் பின்னும் உடைந்தால், ஒரே நாடாவில் கூடிய நேரம் பதியும் எல்.பி. (LP) முறையில் பதிந்த கசற்றா என்று பாருங்கள். அத்தகையவை பல வேளைகளில், பதிந்த அதே கமராவில்தான் ஒழுங்காக ஓடும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் கமராவுக்குள் போடவே வேண்டாம். அது ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசற்றையும் கெடுத்துவிடும்.