24 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டலாமா?

குடோனில் மூட்டை தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டு ஆறு வாரமாக வேலைக்குப் போக முடியவில்லை, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர் 24 சிட்டிங்குக்கு முன்பணம் கேட்கிறார் என்கிறீர்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள்.

சிகிச்சையே வீண் என்று சொல்ல மாட்டேன். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ராணுவத்தினர் 750 பேரில் வழக்கமான மருத்துவத்தோடு ஆறு வாரம் இதையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. 'சேர்த்து' என்பதுதான் விஷயம். அழுத்தும்போது 'டக்' என்று கேட்குமே, அது விலகிய எலும்பு உள்ளே போகும் சத்தமில்லை. மூட்டுத் திரவத்தில் இருக்கும் வாயுவின் வேலை.

நாலைந்து தடவை போய்ப் பாருங்கள். குனிந்து செருப்பு மாட்டுவது, அரை மணி நேரம் உட்காருவது கொஞ்சமாவது சுலபமாகிறதா? இல்லையென்றால் நிறுத்திவிடலாம். படுத்தே கிடக்காதீர்கள், நான் செய்த தப்பு அது. வலி முழுசாகப் போகட்டும் என்று காத்திருக்காமல், எடை தூக்காத வேலை கொஞ்ச நாளைக்குக் கிடைக்குமா என்று முதலாளியிடம் கேளுங்கள்.

காலில் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அடக்க முடியாமல் போனாலோ, கைரோபிராக்டரிடம் போகாமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.