பகடைப் பக்கம்: வாள் வாய் திறந்தால்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் புத்தியுள்ள ஆயுதங்களையும் சபிக்கப்பட்ட மாயப் பொருட்களையும் பற்றியவை. 2014-ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குழுவின் ஃபைட்டர் (போர்வீரன்) கையில், ஆன்மாக்களை விழுங்கும் பிளாக்ரேஸர் வாள் சிக்கி, அவனை ஆட்டிப்படைக்கிறது. கிளெரிக் (பூசாரி) சாபம் நீக்கும் ‘ரிமூவ் கர்ஸ்’ மந்திரம் போட்டார். பலன் இல்லை என்கிறார் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். சரியா?

பதில்: அவர் சொன்னது சரி. பிளாக்ரேஸரில் சாபம் கிடையாது, புத்தி இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. 1979-ல் வந்த ‘ஒயிட் ப்ளூம் மவுண்டன்’ சாகசத்தில் வேவ் என்ற திரிசூலம், வெல்ம் என்ற சம்மட்டி இரண்டோடும் சேர்ந்து அறிமுகமான வாள் இது. அதன் மனக் குணங்கள்: இன்டெலிஜென்ஸ் (அறிவு) 17, விஸ்டம் (விவேகம்) 10, கரிஷ்மா (ஆளுமை) 19. உங்கள் ஃபைட்டரைவிட அதற்குச் சாமர்த்தியம் அதிகமாக இருக்கவே வாய்ப்பு. ரிமூவ் கர்ஸ் பிடித்து இழுக்க அதில் சாபம் என்று ஒன்றும் இல்லை.

ஆனால் சாபம் இல்லை என்பதே உங்களுக்கு வழி. வாளின் வசத்தில் மயங்கியிராத நேரத்தில், ஃபைட்டர் ஒரு ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) முழுக்க, அதாவது குறைந்தது ஒரு மணி நேரம், வாளின் மேல் கவனம் வைத்து உட்கார்ந்தால் அட்யூன்மென்ட்டை, அதாவது வாளோடு உள்ள மாயப் பிணைப்பை, தானே முறித்துக்கொள்ளலாம். வாள் 100 அடிக்கு அப்பால் 24 மணி நேரம் கிடந்தாலும் முறிந்துவிடும். சபிக்கப்பட்ட பொருள் என்றால் இப்படித் தன்னிஷ்டப்படி முறிக்க முடியாது. அங்கேதான் ரிமூவ் கர்ஸ் வேண்டும். அப்போதும் அறுவது அட்யூன்மென்ட் மட்டும்தான், சாபம் பொருளிலேயே தங்கிவிடும். அதை அடுத்த ஊர்க் கடையில் விற்றால், வாங்கியவர் தலையில் விடியும்.

கேள்வி: வாள் எப்போது கட்டுப்பாட்டை எடுக்கலாம்? இதை வைத்தே எங்கள் மேசையில் வாராவாரம் சண்டை.

பதில்: சண்டைக்குக் காரணம், நடுவில் இருக்கும் படிகளை விட்டுவிட்டு நேராக ‘நீ மயங்கிவிட்டாய்’ என்பதற்குத் தாவுவதுதான்.

வாளின் குணத்துக்கோ நோக்கத்துக்கோ எதிராக ஆள் நடந்தால்தான் மோதல் தொடங்கும். பிளாக்ரேஸருக்குக் கூடுதலாக ஒரு பசி உண்டு: மூன்று நாள் ஓர் ஆன்மாவும் கிடைக்காவிட்டால், அடுத்த சூரிய அஸ்தமனத்தில் மோதல் வரும். முதலில் இருவரும் கரிஷ்மா செக் உருட்டுகிறார்கள், அதாவது இருபதுமுகப் பகடை எண்ணோடு கரிஷ்மா மாடிஃபையரை (குணத்தின் அளவுக்கேற்பக் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய எண்) சேர்த்து ஒப்பிடுகிறார்கள். வாள் வென்றால் ஒரு கோரிக்கை வைக்கும்: எப்போதும் என்னைக் கையில் வை, எனக்குப் பிடிக்காத அந்தப் பொருளைத் தூக்கிப்போடு, மற்றதை விட்டுவிட்டு என் காரியத்தைப் பார், இல்லையென்றால் என்னை வேறொருவரிடம் கொடு. ஆட்டக்காரர் ஒப்புக்கொண்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. மறுத்தால்தான் அடுத்த படி. அங்கேயும் கட்டுப்பாடு மூன்று வழிகளில் ஒன்றுதான். வாள் தன் சக்திகளில் சிலவற்றை முடக்கலாம், அட்யூன் ஆகவே விடாமல் தடுக்கலாம். முதலில் முடக்கிப் பாருங்கள் என்றே டன்ஜன் மாஸ்டர்களுக்குச் சொல்வோம். சண்டைக்கு நடுவே வாள் தரும் வேக மந்திரமான ‘ஹேஸ்ட்’ வராமல் போனால், வாள் கோபத்தில் இருப்பது யாரும் சொல்லாமலே புரியும்.

கட்டுப்பாடு என்று வந்தால் கரிஷ்மா சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை, சுருக்கமாக ‘சேவ்’). எட்ட வேண்டிய எண் 12, கூடவே வாளின் கரிஷ்மா மாடிஃபையர். பிளாக்ரேஸருக்கு +4 என்பதால் 16. தோற்றவர் 1டி12 மணி நேரம் (ஒரு பன்னிரண்டுமுகப் பகடையில் விழும் எண்) வாளின் வசத்தில் மயங்கி, அது சொன்னதைச் செய்யப் பார்ப்பார்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். கரிஷ்மா 8 உள்ள ஃபைட்டருக்கு மாடிஃபையர் –1. முதல் போட்டியில் வாள் வெல்ல 100க்கு 70 வாய்ப்பு. சேவிங் த்ரோவில் அவர் 17 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், ஆகவே தோற்க 100க்கு 80. கோரிக்கையை மறுத்தால் மொத்தத்தில் 56 சதவீதம் மாட்டிக்கொள்வார். கனமான ஆயுதம் என்றதும் கரிஷ்மா குறைந்தவர் கையில் கொடுப்பது பெரும்பாலான குழுக்கள் செய்யும் தவறு.

மாட்டிக்கொண்டாலும் இரண்டு விஷயங்கள் கைகொடுக்கும். அடி விழும்போதெல்லாம் மறுபடி சேவிங் த்ரோ உருட்டலாம். அதனால் தோழர் கொடுக்கும் வெறுங்கைக் குத்து நல்ல வைத்தியம். இன்னொன்று, வாள் ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த விடியல் வரை மறுபடி முயல முடியாது.

கேள்வி: பிளாக்ரேஸருக்குத் தினமும் ஓர் ஆட்டை வெட்டிக் காட்டினால் போதுமா?

பதில்: விதியின் எழுத்துப்படி போதும். உயிரற்ற பொம்மை உருவங்களும் அன்டெட்டும் (செத்தும் நடமாடுபவை) மட்டும்தான் அது விழுங்காதவை. ஆட்டின் 4 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) தற்காலிக ஹிட் பாயின்ட்டாக வந்து சேரும். அது தீரும்வரை அட்டாக், சேவ், செக் எல்லாவற்றிலும் அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது). முதல் நல்ல அடியிலேயே 4-ம் போய்விடும் என்பதால் ஆட்டம் கெட்டுவிடாது. ஆனால் 17 இன்டெலிஜென்ஸ் உள்ள வாள் ஆட்டு மந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? ‘எனக்கு வேட்டை வேண்டும்’ என்று அது கேட்பதே பொருத்தம். மறந்தும் அன்டெட் மேல் வீசாதீர்கள். வெட்டியவருக்கு 1டி10 நெக்ராட்டிக் (உயிரை உறிஞ்சும்) சேதம், எதிரிக்கு 1டி10 ஹிட் பாயின்ட் லாபம். அந்தச் சேதத்தில் நீங்கள் விழுந்தால் உங்கள் ஆன்மாவையே அது விழுங்கிவிடும்.

கேள்வி: சாபமும் புத்தியும் சேர்ந்த வாளை நானே செய்ய விரும்புகிறேன்.

பதில்: விதிநூலில் உள்ள சபிக்கப்பட்ட வாளான ‘ஸ்வோர்ட் ஆஃப் வெஞ்சன்ஸ்’ நல்ல அடித்தளம். பழிவாங்கத் துடிக்கும் ஆவி ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. சண்டையில் அடிபட்டால் 15-ஐ எட்டும் விஸ்டம் சேவ் உருட்ட வேண்டும். தவறினால் அடித்தவரையே துரத்தித் துரத்தி வெட்ட வேண்டியதுதான். அதற்கு மேல் மூன்று மனக் குணங்களுக்கும் நான்கு ஆறுமுகப் பகடை உருட்டி, சிறியதைக் கழித்துவிடுங்கள். சராசரி 12 வரும், சேவ் எண் வெறும் 13 ஆகிவிடும். ஆகவே கரிஷ்மாவை மட்டும் நீங்களே 16 என்று வைத்துவிடுங்கள்.

எடுத்த எடுப்பில் பேச வைக்காதீர்கள். விதிநூலின் அட்டவணையிலேயே 100க்கு 60 பங்கு, உணர்ச்சியை மட்டும் கடத்தும் பொருட்கள்தான். கைப்பிடி சூடாகிறது, எதிரியின் பெயர் காதில் விழுந்ததும் நடுங்குகிறது என்று காட்டினால், பேசுவதைவிட ஆழமாகப் பதியும். யாரைப் பழிவாங்கத் துடிக்கிறது என்பதை ஒரே பெயராக முடிவு செய்யுங்கள். பொத்தாம்பொதுவான ரத்தவெறி இரண்டாவது வாரமே சலித்துவிடும். விடுதலைக்கு வழியும் தயாராக இருக்கட்டும்: அந்த வாளின் மேல் விரட்டும் மந்திரமான ‘பேனிஷ்மென்ட்’ போட்டால் ஆவி வெளியேறி, வெறும் +1 வாள் மிஞ்சும்.

கேள்வி: மாயப் பொருளின் தன்மையைக் காட்டும் ஐடென்டிஃபை மந்திரம் சாபத்தைக் காட்டவில்லை. ஏமாற்று வேலைதானே?

பதில்: இல்லை. அந்த மந்திரம் சாபத்தைக் காட்டாது என்று விதியே சொல்கிறது. ஆனால் முந்தைய உரிமையாளரின் கதி, உறையில் காயாத ரத்தம் என்று இரண்டு தடயமாவது டன்ஜன் மாஸ்டர் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: வெக்னா என்ற தீய மந்திரவாதி விட்டுச்சென்ற மாயப் பொருட்களான அவனுடைய கண்ணையும் கையையும் அழிக்கவே முடியாதா?

பதில்: முடியும், ஒரே வழியில். இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் பொருந்தியிருக்க வேண்டும், அவரை, வெக்னாவுக்குத் துரோகம் செய்த தளபதி காஸின் வாளால் கொல்ல வேண்டும். அந்த வாளுக்கும் புத்தி உண்டு. உருவிய ஒரு நிமிடத்துக்குள் ரத்தம் பார்க்காவிட்டால் 15-க்குக் கரிஷ்மா சேவ் கேட்கும். தப்பித்தாலும் 3டி6 மனச் சேதம், தவறினால் ரத்தம் கிடைக்கும்வரை வாள் சொல்வதுதான் சட்டம். எனவே இலக்குக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்த பிறகே உறையிலிருந்து உருவுங்கள்.